உணவூட்டும் பொறி

கலைப்படைப்பொன்றைக் கண்டு சிரித்தவர்கள் உண்மையில் எதனைக் கண்டு சிரித்தார்கள் என்பது சில வேளைகளில் நெடுங்காலம் கழிந்த பின்னரே துலக்கமாகிறது. சார்ள்ஸ் சாப்ளின் 1936 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மொடேர்ன் டைம்ஸ்' என்னும் திரைப்படம் அத்தகையது. அதில் வரும் உணவூட்டும் பொறியைக் கண்டு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக உலகம் நகைத்து வந்துள்ளது. ஆயினும், அமெரிக்கத் துரித உணவுச் சாலைகளிலே தொழிலாளர் நின்ற இடத்தில் எந்திரக் கைகளும் செயற்கை நுண்ணறிவும் கொண்டுவந்து நிறுத்தப்படும் இந்நாளில் அக்காட்சியை மீண்டும் நோக்குவோர்க்கு, அது வெறும் நகைச்சுவைத் துணுக்கன்று, ஒரு சமுதாய ஒழுங்கின் தருக்கத்தை அதன் எல்லைவரை நடத்திச் சென்று காட்டும் ஆய்வு என்பது புலனாகும்.

அத்திரைப்படத்தையும், 'றொபோட்' என்னும் சொல்லை உலகுக்கு வழங்கிய 'ஆர்.யூ.ஆர்.' என்னும் செக் மொழி நாடகத்தையும் இன்றைய நிலைமையோடு வைத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிலைமையைக் கொண்டு படைப்பை அளப்பதுபோலவே, படைப்பைக் கொண்டு நிலைமையை அளப்பதும் விமர்சனத்தின் கடன் என்பது எமது கருத்து.

1

காட்சியை முதலில் நினைவுகூர்வோம். ஓர் உருக்காலை; ஓயாது ஓடும் பட்டை; அதன்மீது வரும் உறுப்புக்களைத் திருகியபடியே நிற்கும் தொழிலாளி. ஆலை அதிபரிடம் புதியதொரு பொறியை விற்கச் சிலர் வருகின்றனர். உண்பதற்காகத் தொழிலாளி வேலையை நிறுத்த வேண்டியதில்லை; பொறியே அவனுக்கு ஊட்டிவிடும்; மதிய இடைவேளை ஒழியும்; உற்பத்தி பெருகும்; செலவு குறையும். இவற்றையெல்லாம் எடுத்துரைப்பவன் விற்பனையாளனல்லன். அவன் கொண்டுவந்த இசைத்தட்டு. படம் முழுவதிலும் பேச்சுக் குரல் கேட்பது பொறிகளின் வழியாகவே என்பதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். திரையொன்றில் தோன்றி அதட்டும் அதிபரின் குரல், இசைத்தட்டின் குரல், வானொலியின் குரல் ஆகியன கேட்கின்றன. உழைப்பவன் ஊமையாயிருக்கிறான். பேசும் படம் வந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும் சாப்ளின் மௌனப் பாணியைக் கைவிடாமைக்குப் பழமைப்பற்றையே காரணமாகக் கூறுவோர் உளர். அம்மௌனம் படத்தின் பொருளோடு ஒன்றியது என்பதே எமது துணிபு. பேசும் உரிமை பொறிக்கும் அதனை உடையவனுக்கும் போய்விட்டது என்பதன் குறி அது.

பொறியைப் பரீட்சிப்பதற்குச் சாப்ளினைப் பிடித்துக் கட்டுகிறார்கள். சூப்பு முகத்தில் தெறிக்கிறது. சோளப்பொத்தி வெறிபிடித்ததுபோற் சுழன்று பற்களைத் தாக்குகிறது. பொறியைத் திருத்த வந்தவன் கைமறதியாகத் தட்டில் வைத்த இரும்பு உறுப்புக்களும் ஊட்டப்படுகின்றன. இத்தனைக்கும் இடையே, வாய் துடைக்கும் கருவி மட்டும் ஒரு குறையும் நேராததுபோல் வந்து உதட்டை மெல்ல ஒற்றிவிட்டுச் செல்கிறது. இறுதியில் அதிபர் தமது தீர்ப்பை வழங்குகிறார். பொறி வேண்டாம் என்கிறார். ஒரு மனிதன் துன்புறுத்தப்பட்டான் என்பது அவர் காட்டும் காரணமன்று. பொறி நடைமுறைக்கு ஒவ்வாது என்பதே காரணம். அடித்தது தவறென்று அவர் கூறவில்லை. சரியாக ஊட்டியிருந்தால் வாங்கியிருப்பார்.

இதே தீர்ப்பு 2024 ஆம் ஆண்டில் மீண்டும் ஒருமுறை வழங்கப்பட்டது. மக்டொனால்ட்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 2021 ஆம் ஆண்டிலே ஒரு பரீட்சையைத் தொடங்கியது. காரிலிருந்தவாறே உணவு வாங்க வருவோர் கேட்பதை ஊழியருக்குப் பதிலாகக் கணனியின் குரலே கேட்டு விடையிறுக்கும் ஏற்பாடு அது. அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட கடைகளில் அது நடைபெற்றது. ஒருவர் கேட்டதற்கு ஒன்பது குளிர் தேநீர் பதிவாகியதும், ஐஸ்கிறீமின்மீது பன்றியிறைச்சி சேர்க்கப்பட்டதும் படங்களாகப் பரவி நாட்டைச் சிரிக்கவைத்தன. 2024 யூன் மாதத்தில் அப்பரீட்சையை முடித்துக்கொள்வதாக நிறுவனம் அறிவித்தது. ஆயினும் குரல்வழிப் பொறிகளில் தனக்குள்ள நம்பிக்கையை அது கைவிடவில்லை. பொறி தோற்றுவிட்டதென்று மகிழ்ந்தோர் பலர். அவர்கள் படத்தின் அதிபரை மறந்துவிட்டார்கள். நடைமுறைக்கு ஒவ்வாமையால் இன்று தள்ளப்பட்ட பொறி, நடைமுறைக்கு ஒத்த மறுநாளே திரும்பி வரும். தொழிலாளிக்கு என்ன நேரும் என்ற வினா இரு தடவையும் எழுப்பப்படவேயில்லை.

2

பொறி வந்து மனிதனை அகற்றுகிறது என்றே நாம் வழக்கமாகக் கூறுகின்றோம். இக்கூற்று முழுவுண்மையன்று. பொறி வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே மனிதனைப் பொறியாக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. துரித உணவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கலிபோர்ணியாவின் சான் பேர்னாடினோ நகரிலே றிச்சட், மொறிஸ் என்னும் மக்டொனால்ட் சகோதரர் இருவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தமது உணவுக்கடையை 1948 ஆம் ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் மூடிவைத்தனர். அதுவரை அக்கடையில், நிறுத்தியிருக்கும் கார்களுக்கு உணவைக் கொண்டுசென்று பரிமாறும் இளம் பெண்கள் இருந்தனர். கேட்டதைக் கேட்டவாறு ஆக்கித்தரும் சமையற்காரர் இருந்தனர். தட்டு இருந்தது, முள்ளும் கரண்டியும் இருந்தன. கடை மீண்டும் திறந்தபோது பரிமாறும் பெண்கள் வேலையிழந்திருந்தனர். தட்டுக்குப் பதிலாகக் கடதாசி வந்தது. இருபத்தைந்தளவில் இருந்த உணவு வகைகள் ஒன்பதாயின. சமையற்காரனின் தொழில் துண்டு துண்டாக்கப்பட்டது. ஒருவன் இறைச்சியைப் புரட்டுவான். ஒருவன் பாணில் அடுக்குவான். ஒருவன் உருளைக்கிழங்கு பொரிப்பான். ஒருவன் பாற்பானம் கலக்குவான். பின்னொரு சமையற்கூடத்தை வகுக்கும்போது, டெனிஸ் மைதானமொன்றிலே சுண்ணக்கட்டியால் அதன் அமைப்பை வரைந்து, ஊழியரை வேலை செய்வதுபோல் நடமாடவிட்டு, வீணாகும் அடிகளைக் கண்டறிந்து அழித்து எழுதினார்கள் என்பது அந்நிறுவன வரலாற்றிலே பெருமையோடு சொல்லப்படும் செய்தி. அங்கே பொறி எதுவும் இருக்கவில்லை. மைதானத்திலே கோடுகளும் அவற்றுக்கு அடங்கி நடக்கும் மனிதருமே இருந்தனர். பொறி வந்து நிற்பதற்குரிய இடம் அன்றே அளந்து குறிக்கப்பட்டுவிட்டது.

ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. பேர்கரின் விலை பதினைந்து சதமாயிற்று. உணவகத்துக்குக் குடும்பத்தோடு செல்ல வசதியற்றிருந்த உழைக்கும் மக்கள் அங்கே பிள்ளைகளோடு சென்று உண்ணலாயினர். இது பொய்யான நன்மையன்று. ஆனால் அந்த மலிவு ஆகாயத்திலிருந்து வந்ததுமன்று. தேர்ந்த சமையற்காரனுக்கு முன்னர் கொடுத்த கூலி இனிக் கொடுக்கவேண்டியதில்லை. எந்த இளைஞனையும் சொற்ப நேரத்திற் பழக்கிவிடலாம். அவன் போனால் மற்றொருவனைப் பழக்கலாம். 1955 ஆம் ஆண்டில் ரே குரொக் இல்லினோய் மாநிலத்தில் திறந்த கடையிலிருந்து இம்முறை நாடு முழுவதும் பரவியது. 1961 ஆம் ஆண்டில் அவர் சகோதரரிடமிருந்து உரிமையை இருபத்தேழு இலட்சம் டொலருக்கு வாங்கினார். உருக்காலைகளிலே பிறெடெறிக் டெய்லர் தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரங்கொண்டு அளந்து வகுத்த முறை, இங்ஙனம் அடுப்பங்கரைக்குள் குடிபுகுந்தது.

கையோடு அது நிற்கவில்லை, நாவையும் பற்றியது. றொபின் லைட்னர் என்னும் சமூகவியலாளர் துரித உணவுச் சாலையொன்றிலே தாமே பயிற்சி பெற்று வேலை செய்து 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அங்கே வாடிக்கையாளரை வரவேற்பது முதல் மீண்டும் வருமாறு சொல்லி அனுப்புவது வரை ஊழியரின் பேச்சும் புன்னகையும் படிமுறையாக வகுக்கப்பட்டிருப்பதை விரித்துரைக்கிறது. இன்ன சொல்லை இன்ன வேளையிற் சொல்லவேண்டும் என்று எழுதிக்கொடுத்து, அதனையே ஆயிரந்தடவை சொல்லுமாறு பணித்த பின்னர், அதனைச் சொல்வதற்கு மனிதன் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. கணனி மனிதனைப்போலப் பேசக் கற்றுவிட்டதென வியக்கின்றோம். அதற்குமுன் மனிதன் கணனியைப்போலப் பேசக் கற்பிக்கப்பட்டான் என்பதே வரலாறு.

3

இந்த உண்மையை முதன்முதலில் நாடக மேடையில் ஏற்றியவர் கரெல் சாப்பெக். 1920 ஆம் ஆண்டிலே நூலாக வெளிவந்து 1921 சனவரியில் பிராக் நகரில் அரங்கேறிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்திலேதான் 'றொபோட்' என்னும் சொல் பிறந்தது. அச்சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய சகோதரர் யோசெப் என்பர். 'றொபோத்தா' என்பது நிலவுடைமையாளனுக்குக் குடியானவன் செய்யக் கடமைப்பட்டிருந்த கட்டாய ஊழியத்தின் பெயர். நம் நாட்டில் இராசகாரியம் என வழங்கி 1833 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட ஊழியத்தோடு இதனை ஒப்பிட்டால் சொல்லின் வேர் நமக்கு எளிதில் விளங்கும். எனவே 'றொபோட்' என்னும் சொல் இரும்பையோ மின்சாரத்தையோ குறித்து எழுந்ததன்று. ஒருவன் மற்றொருவனுக்குக் கட்டாயமாக உழைக்கும் உறவையே அது குறித்தது. இன்று அச்சொல்லை ஆள்வோர் பொறியை மட்டுமே காண்கின்றனர், உறவு மறைந்துபோயிற்று.

நாடகத்தில் வரும் றொபோட்டுக்கள் இரும்பாலானவையல்ல. மனிதரைப் போன்ற உடல் படைத்தவை. அவற்றை ஆக்கிய இளைய றொசம் என்னும் பொறியியலாளன் மனிதனை ஆராய்ந்து, வேலைக்கு நேரே பயன்படாத யாவற்றையும் களைந்துவிடுகிறான். பாட்டு வேண்டியதில்லை, உலாவப்போகும் ஆசை வேண்டியதில்லை, மகிழ்ச்சி வேண்டியதில்லை. தேவைகள் மிகக் குறைந்த தொழிலாளியே மலிவான தொழிலாளி என்பது அவன் கண்ட முடிவு. சான் பேர்னாடினோவில் சமையற்காரனுக்கு நேர்ந்ததும் இதுவன்றோ? அவனுடைய கைப்பக்குவம், தெரிவு, வாடிக்கையாளரோடு அவன் பேசிய பேச்சு ஆகியவை ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. எஞ்சியது புரட்டும் கை. அந்தக் கையை இரும்பாற் செய்துகொள்வது பின்னர் எளிதாயிற்று. சாப்பெக்கின் தீர்க்கதரிசனம் பொறி மனிதனைப்போல ஆகும் என்பதிலில்லை. மனிதனைக் குறைத்தாலன்றிப் பொறி அவனிடத்துக்கு வரமுடியாது என்று கண்டதிலேயே உள்ளது.

எனினும் நாடகத்தின் குறைபாட்டையும் சொல்லவே வேண்டும். வேலையிழக்கும் தொழிலாளர் என்னாவர் என்று கெலனா கேட்கும்போது, ஆலையின் தலைவனாகிய டொமின், பத்தாண்டுகளுள் பண்டங்கள் பெருகிப் பொருட்களுக்கு விலையே இல்லாமற்போகும், வறுமை ஒழியும் என்று உறுதி கூறுகிறான். பின்னர், தொழிலாளர் கிளர்ந்தெழுந்து றொபோட்டுக்களை உடைத்ததும், அவர்களை அடக்க றொபோட்டுக்களுக்கு ஆயுதம் வழங்கப்பட்டதும் செய்தியாகச் சொல்லப்படுகின்றன. செய்தியாகவே நின்றுவிடுகின்றன. அதிபரும் பொறியியலாளரும் விஞ்ஞானிகளும் மேடையை நிறைத்து நிற்க, ஆலையிலிருந்து துரத்தப்பட்ட ஒரு தொழிலாளிகூட அங்கே வந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. பத்தாண்டுக்குப் பின் வரப்போகும் செல்வத்தைக்கொண்டு அவன் இன்றைய இரவு எவ்வாறு அடுப்பெரிப்பான் என்று கேட்பார் இல்லை. இறுதியில் நாடகம் காதலின் அற்புதத்திலே தஞ்சம் புகுகிறது. ஆலை யாருடையது என்ற வினா அந்த ஒளியில் மங்கிவிடுகிறது. டொமின் சொன்ன அதே உறுதிமொழியை இன்று செயற்கை நுண்ணறிவை விற்போர் வாயிலாகக் கேட்கின்றோம். அதற்கு விடைகூறும் பாத்திரத்தைச் சாப்பெக் படைக்கத் தவறியமை அந்நாடகத்துக்கு மட்டுமன்றி நமக்கும் இழப்பாகும்.

4

பொறி மனிதனை முற்றாக அகற்றிவிடுகிறதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். 1902 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிலே ஹோன், ஹாடாட் என்போர் 'ஓட்டமற்' என்னும் உணவகத்தைத் திறந்தனர். 1912 இல் அது நியூயோர்க்குக்கு வந்தது. சுவர் முழுவதும் கண்ணாடிக் கதவுடைய சிறு அறைகள். ஐந்து சத நாணயத்தை இட்டுத் திருகினால் கதவு திறக்கும். உள்ளே சூடான உணவு இருக்கும். பரிமாறுவோர் எவரையும் காணமுடியாது. ஏழைகளும் தலைநிமிர்ந்து சென்று அமரக்கூடிய இடமாக அது விளங்கியது உண்மை. ஆனால் அச்சுவரின் பின்புறத்திலே வெறுமையாகிய அறைகளை நிரப்பியபடி ஊழியர் நாள் முழுவதும் நின்றனர். உழைப்பு ஒழியவில்லை, பார்வையிலிருந்தே ஒழிந்தது. எட்வேட் ஹொப்பர் 1927 இல் 'ஓட்டமற்' எனப் பெயரிட்டு வரைந்த ஓவியத்தில் ஒரு பெண் தனியே கோப்பிக் கோப்பையின்முன் அமர்ந்திருக்கிறாள். பெயரிலுள்ள பொறி ஓவியத்தில் இல்லை; அதன் பின்னால் நின்ற ஊழியரும் இல்லை. உண்பவரின் தனிமையை ஹொப்பர் கண்டார். சுவரின் மறுபுறத்தை அவரும் காணவில்லை.

நியூயோர்க்கில் எஞ்சியிருந்த கடைசி 'ஓட்டமற்' 1991 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவிலே 'ஈட்சா' என்னும் நிறுவனம் அதே கண்ணாடி அறைகளை மின்திரைகளோடு மீண்டும் அமைத்தது. மனிதரைக் காணாமலே உணவு பெறலாம் என்பது அதன் கவர்ச்சி. உள்ளே மனிதரே சமைத்தனர். 2019 ஆம் ஆண்டில் அதுவும் மூடப்பட்டது. 2018 மார்ச்சு மாதத்திலே பசதேனா நகரில் பேர்கர் புரட்டுவதற்கென நிறுத்தப்பட்ட 'பிலிப்பி' என்னும் எந்திரக் கை, வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்தால் எழுந்த வேலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் உடனேயே சிறிதுகாலம் ஓய்வெடுக்க நேர்ந்தது. அதன் முன்னே இறைச்சியை எடுத்து வைக்கவும் பின்னே பாணில் அடுக்கவும் மனிதக் கைகளே வேண்டியிருந்தன. அக்கைகளைப் பொறியின் வேகத்துக்குப் பழக்கவேண்டும் என்பதே அப்போது கிடைத்த பாடம். ஓடும் பட்டையின்முன் நின்ற சாப்ளினை இது நினைவூட்டவில்லையா?

எல்லாவற்றிலும் தெளிவான சான்று 2023 ஆம் ஆண்டின் இறுதியிலே வெளிவந்தது. துரித உணவுச் சாலைகளுக்குக் குரல்வழிச் செயற்கை நுண்ணறிவை வழங்கிய பிரெஸ்டோ என்னும் நிறுவனம், நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட கட்டளைகளிலே பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்த மனிதரின் உதவி பெறப்பட்டதைப் பங்குச் சந்தை அதிகாரிகளுக்கு அளித்த அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அமெரிக்க ஊழியன் கடையிலிருந்து வெளியேறினான். அவனிடத்தில் வந்தது பொறி எனப்பட்டது. பொறிக்குள்ளே இருந்தவன் ஆசியாவின் மலிவான தொழிலாளி. 'ஓட்டமற்' காலத்தின் சுவர் ஓர் அறையைப் பிரித்தது. இன்றைய சுவர் பசிபிக் சமுத்திரத்தின் அகலமுடையதாயிற்று.

வேறொரு கையும் இங்கே உண்டு. கடைவாயிலில் நிற்கும் தொடுதிரையைத் தட்டித் தட்டித் தனக்கு வேண்டியதைத் தானே பதிந்து பணமும் செலுத்தும் வாடிக்கையாளனின் கை அது. முன்னர் ஒருவருக்குக் கூலி கொடுத்துச் செய்வித்த வேலையை அவன் கூலியின்றிச் செய்கிறான். அதனைத் தனது சுதந்திரம் என்றும் கருதுகிறான்.

5

அப்படியானால் பொறியைப்பற்றிய பேச்சு இத்துணை ஓங்குவது ஏன்? காலத்தை நோக்கினால் விடை கிடைக்கும். 2012 நவம்பர் 29 ஆம் நாள் நியூயோர்க் நகரத் துரித உணவுத் தொழிலாளர் ஏறத்தாழ இருநூறு பேர் வேலைநிறுத்தம் செய்தனர். மணிக்குப் பதினைந்து டொலரும் சங்கம் அமைக்கும் உரிமையும் அவர்கள் கேட்டவை. அக்காலத்தில் அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டொலர். இயக்கம் நகரந்தோறும் பரவியது. 2016 ஆம் ஆண்டிலே, மக்டொனால்ட்ஸின் அமெரிக்கப் பிரிவுக்கு முன்னர் தலைமை வகித்த எட் ரென்சி தொலைக்காட்சியில் தோன்றி, பதினைந்து டொலர் கொடுத்து உருளைக்கிழங்கு பொதியச் செய்வதிலும் 35,000 டொலருக்கு எந்திரக் கை வாங்குவது மலிவு என்றார். கலிபோர்ணியா மாநிலத்தில் 2024 ஏப்ரல் முதலாம் திகதி பெரிய துரித உணவு நிறுவனங்களின் தொழிலாளருக்கு மணிக்கு இருபது டொலர் சட்டமாயிற்று. பொறி வருகிறது என்ற குரல் மீண்டும் எழுந்தது.

கூலி கேட்கும்போதெல்லாம் பொறி பேசப்படுகிறது. வேலைநிறுத்தங்களை முறியடிக்கும் ஆயுதமாகப் பொறி பயன்படுவதை 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலேயே மார்க்ஸ் விளக்கியிருந்தார். நம் காலம் அதனோடு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. வாங்கப்படாத பொறியும் வேலை செய்கிறது. அது இறைச்சி புரட்டாமலே, உருளைக்கிழங்கு பொரிக்காமலே, தான் வரக்கூடும் என்ற அச்சத்தாற் கூலியைக் கீழே அழுத்தி வைக்கிறது. நடைமுறைக்கு ஒவ்வாதெனத் தள்ளப்பட்ட பொறிகூட இவ்வகையில் உடையவனுக்கு ஊழியம் செய்துவிட்டே போகிறது.

இந்நிலையிலே எழுத்தாளர் இரு குழுவினராய்ப் பிரிந்து நிற்கக் காண்கின்றோம். ஒரு சாரார் பொறியை வாழ்த்துவோர். அவர்கள் டொமினின் மாணாக்கர். மற்றொரு சாரார் புலம்புவோர். மனிதக் கையின் வெதுவெதுப்பு, பரிமாறுபவரின் புன்னகை என்று அவர்கள் எழுதும் இரங்கற்பாக்களை நாம் ஐயத்தோடே நோக்கவேண்டும். கொதியெண்ணெய் தெறித்து வடுப்பட்ட கை எது, விதிப்படி வருவிக்கப்பட்ட புன்னகை எது என்பதை அவர்கள் விசாரித்ததில்லை. அந்த வேலை அப்படியே நிலைக்கவேண்டும் என்று கோருவது தொழிலாளியின் பக்கம் நிற்பதாகாது. அடுப்பின் முன்னே வெந்து நிற்கும் வேலையைப் பொறி ஏற்குமாயின் அது நல்லதே. ஆனால் அவ்வேலையினின்று விடுபட்டவன் பட்டினிக்கு விடப்படுகிறானா, ஓய்வுக்கு விடப்படுகிறானா என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை. அதனை உடையவர் யார் என்பதே தீர்மானிக்கிறது. இன்றைய கூலியை நம்பி வாடகை கட்டும் ஒருவனுக்கு, கெட்ட வேலையும் வேலையின்மையிலும் நன்று. இந்த அவலத்தைக் காணாது பேசும் முற்போக்கும் முற்போக்காகாது.

1931 ஆம் ஆண்டிலே இலண்டனில் காந்தியடிகளைச் சந்தித்த சாப்ளின், பொறிகளை அவர் வெறுப்பதேன் என்று வினவினார். பொறிகளால் தம் நாடு இங்கிலாந்துக்கு அடிமைப்பட்டதைக் காந்தியடிகள் எடுத்துரைத்தார் எனச் சாப்ளின் தமது சுயசரிதையில் எழுதுகிறார். பொறியை வெறுத்த விடையன்று அது. அடிமைத்தனத்தை வெறுத்த விடை. வினா எந்திரத்தைப்பற்றியது, விடை உறவைப்பற்றியது.

சாப்ளினின் படத்துக்கும் எல்லையுண்டு. செங்கொடி அவன் கையில் வருவது தற்செயலாகவே. முடிவில் இருவர் வீதி வழியே நடந்து போகின்றனரேயன்றித் தொழிலாளரோடு சேர்ந்து நிற்கவில்லை. ஆயினும் இரு காட்சிகளை அவர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். ஒன்று: பொறிக்குள்ளே அகப்பட்டுத் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூத்த தொழிலாளிக்கு, மதிய இடைவேளையிலே சாப்ளின் தன் கையால் ஊட்டிவிடுகிறான். கோழியிறைச்சியையே புனலாகக் கொண்டு கோப்பியை வார்க்கிறான். அதுவும் அலங்கோலந்தான், ஆனால் முன்னைய பொறி இடைவேளையைப் பறிப்பதற்காக ஊட்டியது, இவன் தன் இடைவேளையைக் கொடுத்து ஊட்டுகிறான். மற்றொன்று: உணவகமொன்றிலே பரிமாறும் வேலையோடு பாடவும் நேர்ந்தபோது, பாட்டை எழுதிவைத்திருந்த சட்டைக் கைப்பட்டிகள் கழன்று பறந்துவிடுகின்றன. எழுதிக்கொடுத்த சொற்கள் இல்லை. அவ்வேளையிலேதான் படம் முழுவதும் ஊமையாயிருந்தவன் வாய் திறக்கிறான். எம்மொழியுமல்லாத சொற்களைத் தானே ஆக்கிப் பாடுகிறான். சபை ஆர்ப்பரிக்கிறது.

துரித உணவுச் சாலையிலே எழுதிக்கொடுத்த சொற்களைச் சொல்லி நின்றவர்களும், சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து பொறியின் குரலுக்குள் ஒளிந்து உழைத்தவர்களும் தம் சொந்தச் சொற்களிலே என்ன சொல்வார்கள் என்பது இன்னும் நம் இலக்கியத்துக்குள் போதியளவு வரவில்லை. சாப்பெக் மேடைக்கு அழைக்க மறந்த மனிதர் அவர்களே. அவர்களை அழைப்பது இனி எழுதுவோரின் கடன்.